திரவத்தைத் தூங்க வைக்கவும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், காஹாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைக் காட்டுக்கு நடுவே உள்ள எண்ணெய் ஆலையில் அமலோற்பவம் ஆய்வுக்கூட உதவியாளர். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு ஏழு கண்ணாடிப் போத்தல்களை ஒரு வாளியில் அடுக்கிக்கொண்டு கழிவுநீர்க் குளங்களைச் சுற்றி வருவாள். பழக்குலையை அவித்து, பிழிந்து, எண்ணெயை எடுத்த பின் மிஞ்சும் பழுப்புநிறச் சேற்றுநீர் முதலில் ஒரு குழிக்கு வரும். கை வைக்க முடியாத சூடு. அங்கிருந்து குளம் குளமாக இறங்கி, வாரக்கணக்கில் புளித்து, தெளிந்து, கடைசியில்தான் ஆற்றுக்குப் போகும். எந்தக் குளத்தில் எவ்வளவு அழுக்கு, எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று அளந்து எழுதுவது அவள் பொறுப்பு.

அவளை உறுத்தியது இரண்டாம் குளம். அதன் மேல் எப்போதும் ஒரு சாண் தடிப்பில் ஆடை படர்ந்திருக்கும். பாதிக்கு மேல் எண்ணெய். வெயிலில் காய்ந்து, தோல் மாதிரி சுருங்கி, அதன் மேல் புல்லே முளைத்திருக்கும். "பிழிஞ்சு எடுத்ததுக்கப்புறம் இவ்ளோ எண்ணெய் எப்படி தண்ணியோட ஓடுது?" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் கேட்டாள். "எல்லா மில்லுலயும் அப்படித்தான் லா" என்றார்கள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு வந்த நான்கு என்ஜினியர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். படிவம் ஐந்தோடு பள்ளிப் படிப்பு நின்றது. ஸ்டானிஸ்லாஸைக் கட்டிக்கொண்டு காஹாங்குக்கு வந்து, ஆலையில் லாரி எடை பார்க்கும் கூண்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனதே ஒரு கேள்வியால்தான். ஒரே தோட்டத்துப் பழம் மழை நாளில் மட்டும் ஏன் எண்ணெய் குறைத்துக் கொடுக்கிறது என்று மேனேஜரை வழிமறித்துக் கேட்டாள். அவர், "போய் லேப்ல கேளு" என்றார். போனவள் திரும்பி வரவில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர் பாருவிலிருந்து மனோகரன் என்ற விற்பனையாளர் ஆலைக்கு வந்தார். கழிவுநீரில் மிதக்கும் எண்ணெயைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் மீட்கும் இயந்திரம் ஒன்றை விற்க வந்திருந்தார். நுண்குமிழிகளைச் சேற்றுநீருக்குள் விட வேண்டும். கூடவே ஒரு செடியிலிருந்து எடுத்த திரவத்தைச் சேர்க்க வேண்டும். குமிழிகள் எண்ணெய்த் துளிகளைப் பிடித்து மேலே தூக்கி வந்துவிடும். என்ஜினியர் ரூபேந்திரன் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வயது, ஆலைக்கு வந்து ஒன்றரை வருடம்.

"உலகம் பூரா பேட்டன் எடுத்தது சார். வேற யாரும் தொட முடியாது" என்றார் மனோகரன். திரவத்தில் ஒரு சின்னப் போத்தலையும் வண்ணத்தாள் விளம்பரம் ஒன்றையும் ஆய்வுக்கூட மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

படங்களை எல்லோரும் பார்த்தார்கள். அமலோற்பவத்தின் கண் மட்டும் தாளின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்த ஒரு எண்ணுக்குப் போனது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒரு வருடம், பிறகு ஆறு இலக்கம். பேட்டன், அதாவது காப்புரிமை, என்றால் ஏதோ முத்திரை குத்திய சான்றிதழ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அதற்கு எதற்கு இவ்வளவு நீள எண்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டினாள். பல நாட்டுக் காப்புரிமை ஆவணங்களைக் காசில்லாமல் படிக்கத் திறந்து வைத்திருக்கும் ஒரு தளம் வந்தது. நாற்பத்து மூன்று பக்கம். எட்டு வரைபடம். தொட்டி, குழாய், தட்டு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண் போட்டு, எந்த உறுப்பு என்ன செய்யும் என்று உள்ளே வரிவரியாக விளக்கியிருந்தது. எவ்வளவு சூடு, எத்தனை துளி, எத்தனை நிமிடம். இருபத்தொன்பதாம் பக்கத்தில் செம்பனை ஆலைக் கழிவுநீரிலேயே செய்து பார்த்த ஒரு சோதனை.

கேண்டீனில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நேராக ரூபேந்திரனின் அறைக்குப் போனாள்.

"சார், இத பாருங்களேன். எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க!"

"பேட்டன்னா அப்படித்தான்க்கா. எப்படிச் செய்யறோம்னு முழுசா சொல்லணும். சொன்னாத்தான் இருபது வருஷத்துக்கு உரிமை. காலேஜ்ல ஒரு வகுப்பு நடத்துனாங்க."

"அப்ப ரகசியம் இல்லையா?"

"ரகசியமா வைக்கணும்னா பேட்டன் எடுக்கக்கூடாது."

அவளுக்கு இது பெரிய செய்தி. ஊர் உலகத்து ஆலைக்காரர்கள் தங்கள் வேலையை எழுதி, படம் போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நாள் தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் குழியிலிருந்து சூடாக எடுத்த சேற்றுநீரை நான்கு பீக்கர்களில் ஊற்றினாள். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டாரைக் குளுவாங்கில் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். இரண்டு பீக்கரில் மனோகரன் தந்த திரவத்தை ஆவணத்தில் சொன்ன அளவுக்குச் சேர்த்தாள். இரண்டில் ஒன்றும் சேர்க்கவில்லை. நான்கிலும் ஒரே அளவு காற்று. மேலே வந்த எண்ணெயை வழித்து எடுத்து எடை பார்த்தாள். திரவம் சேர்த்ததில், நீரில் இருந்த எண்ணெயில் நூற்றுக்கு நாற்பத்தொரு பங்கு மேலே வந்தது. சேர்க்காததில் முப்பத்தெட்டு.

மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தாள். வித்தியாசம் அதற்கு மேல் போகவே இல்லை. ஆக, வேலையைச் செய்வது செடித் திரவம் இல்லை, சூடும் காற்றும்தான். அப்படியானால் இது முன்பே யாருக்காவது தோன்றியிருக்க வேண்டுமே?

இந்தக் கேள்வியோடு அவள் ரூபேந்திரனிடம் போனது தவறான நேரம். அன்று காலைதான் அவர் இயந்திரத்தைப் பாராட்டித் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தார்.

"அக்கா, பீக்கர்ல செய்யறதும் மில்லுல செய்யறதும் ஒண்ணா? நீங்க சாம்பிள் எடுங்க. மெஷின் விஷயத்த நாங்க பாத்துக்கிறோம்."

அவள் தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தும் முகம் சரியாகவில்லை. செனாய் தொழிற்சாலைக்குப் பேருந்து ஓட்டும் ஸ்டானிஸ்லாஸ் சட்டையைக் கழற்றியபடியே, "யார் கூட சண்டை?" என்றார்.

"சண்டை இல்லங்க. கேள்வி கேட்டா கோவம் வருது."

"உன் கேள்விக்கு எனக்கே கோவம் வரும். அதுக்காக நீ என்னைக்கு நிறுத்தியிருக்க?"

அவள் நிறுத்தவில்லை. மகள் நிக்கோல் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தேடுவது வழக்கமாயிற்று. நூலகத்தில் புத்தகங்களுக்கு அலமாரி எண் இருப்பது போலக் காப்புரிமைகளுக்கும் உண்டு என்று கண்டுபிடித்தாள். அழுக்குநீரைச் சுத்தம் செய்வதற்கு ஒரு குறியீடு, கழிவிலிருந்து கொழுப்பை மீட்பதற்கு ஒரு குறியீடு, நிலத்தடி எண்ணெய்க் கிணறுகளுக்கு வேறொன்று. அந்தக் குறியீட்டைத் தட்டினால் எந்த நாடாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். மொழிபெயர்ப்பை இயந்திரமே செய்து ஆங்கிலத்தில் காட்டும்.

முந்நூற்றுச் சொச்சம் ஆவணங்களைப் புரட்டிய பிறகு அவளுக்கு ஒரு போக்கு தெரிய ஆரம்பித்தது. தான் படித்தவற்றில் பழையவை பெரும்பாலும் எதையாவது ஊற்று, எதையாவது கொதிக்க வை என்ற ரகம்: அமிலம், கரைப்பான், நீராவி. பிறகு வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரங்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு தொனி மாறுகிறது. நுண்ணுயிர், நொதி, செடிச்சாறு, பயன்படுத்திய நீரையே திரும்பப் பயன்படுத்துவது. கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் சீனாவிலிருந்து வந்தவை மழை மாதிரி கொட்டியிருந்தன. கிணற்றுக்காரன், சுத்திகரிப்பு ஆலைக்காரன், சாப்பாட்டுக்கடைச் சாக்கடையில் கொழுப்பு எடுக்கிறவன், செம்பனைக்காரன் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு சேற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தாள். பல உரிமைகள் பாதியிலேயே செத்துப்போயிருந்தன. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டது, விண்ணப்பித்துவிட்டு மேலே தொடராதது. செத்தது என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை, அல்லது எல்லோருக்கும் சொந்தம்.

அப்படித்தான் அவள் அந்த ஜப்பான் ஆவணத்தில் முட்டினாள். 1986ஆம் ஆண்டு. செம்பனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு கம்பளி ஆலை. ஆட்டு உரோமத்தைக் கழுவிய சுடுநீரில் கிடக்கும் கொழுப்பை எடுக்க, சாய்வாக அடுக்கிய தட்டுகளுக்கு அடியிலிருந்து மெல்லிய காற்றை விடுகிறார்கள். மருந்து எதுவும் கிடையாது. உரிமைக் காலம் முடிந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது.

ஆட்டு மயிர் கழுவிய தண்ணீர்! அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ரூபேந்திரனே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கதவருகில் நின்று, "பசியாறிட்டீங்களாக்கா?" என்று ஆரம்பித்தார். தலைமை அலுவலகம் அவருடைய அறிக்கையைத் திருப்பி அனுப்பி, திரவம் இல்லாமல் செய்து பார்த்த சோதனை இருக்கிறதா என்று கேட்டிருந்தது.

"அன்னைக்கு நான் பேசுனது சரியில்ல. அந்த நாலு பீக்கர் கணக்கு இருக்கா?"

"பன்னெண்டு பீக்கர் இருக்கு சார். ஆட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு, உக்காருங்க."

மனோகரன் மறுபடி வந்தபோது இருவரும் சேர்ந்தே அவரைப் பார்த்தார்கள். அமலோற்பவம் விளம்பரத் தாளின் அடியைக் காட்டினாள். "தம்பி, இந்த நம்பர் பேட்டன் நம்பரா, பேட்டன் கேட்டு மனு போட்ட நம்பரா?"

மனோகரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"இல்லையாம். இது அனைத்துலக மனு. அப்புறம் ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியா போய் எடுக்கணும். மலேசியாவுல எடுத்திருக்கீங்களா?"

"ஐயோ, அலமாக்... நான் விக்கிறவன்க்கா. கேட்டுச் சொல்றேன்."

இரண்டு நாளில் சொன்னார். இரண்டு நாடுகளில் உரிமை கிடைத்திருக்கிறது. மலேசியாவில் மனுவே போடவில்லை, போடும் கெடுவும் தாண்டிவிட்டது. "எனக்கே இப்பத்தான் தெரியும். பிரவ்ஷர மாத்தச் சொல்லிட்டேன்" என்றார். நேர்மையான மனிதர். அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆலை இயந்திரத்தை வாங்கவில்லை. ஆனால் ஜப்பான் முறையைச் சிறிய அளவில் முயன்று பார்க்க அனுமதி கிடைத்தது. கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்த இரண்டு டன் தொட்டியைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். துருப்பிடிக்காத தகட்டை வெட்டிச் சாய்வாக அடுக்கினார்கள். அடியில் துளை போட்ட குழாய். ஜப்பான் ஆவணத்தை அச்செடுத்துத் தொட்டிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதில் ஐந்தாம் பத்தி மட்டும் யாருக்கும் புரியவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு இப்படிச் சொன்னது: "திரவத்தைத் தூங்க வைக்கவும். பிறகு மூச்சு கொடுக்கவும்."

"மூச்சுன்னா காத்து. தூக்கம்னா?" என்றார் ரூபேந்திரன்.

"தாலாட்டு பாடுவோமா சார்?"

சிரித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். வால்வைத் திறந்தார்கள், காற்றை விட்டார்கள். ஐந்தாவது நிமிடம் தொட்டி பொங்கியது. பழுப்பு நுரை விளிம்பைத் தாண்டி, ஏணியில் இறங்கி, ரூபேந்திரனின் முழங்கால் வரை வந்து நின்றது. சேறும் எண்ணெயும் நாரும் ஒன்றாகக் கலந்து, முன்பைவிட மோசமாகப் பாலாகிவிட்டது. மூன்று தடவை செய்தும் அதே கதை. புளித்த நாற்றம் அலுவலகம் வரை போய், மேனேஜர் ஜன்னலைச் சாத்தினார். "இன்னும் ரெண்டு வாரம். அப்புறம் தொட்டியக் கழட்டிருங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து நிக்கோல் வீட்டுக்கு வந்திருந்தாள். செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, மேற்பார்வையாளர் ஜப்பான்காரர். அமலோற்பவம் அந்த ஐந்தாம் பத்தியின் ஜப்பானிய மூலத்தைப் படம் பிடித்து மகளிடம் கொடுத்தாள்.

"உங்க பாஸ்கிட்ட கேளு. தூக்கம்னு ஏன் போட்டிருக்குன்னு."

"மா, ஆட்டு மயிர் பத்தி எங்க பாஸ்கிட்ட கேக்கச் சொல்றீங்களா?"

"வெக்கமா இருந்தா நான் போன்ல கேக்கறேன்."

நிக்கோலே கேட்டாள். திங்கள் மதியம் பதில் வந்தது. "மா, பாஸ் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவங்க பேச்சுல பிசைஞ்ச மாவக்கூட தூங்க வைப்பாங்களாம். அசைக்காம, தொடாம சும்மா விட்டு வைக்கிறதுக்கு அப்படித்தான் சொல்வாங்களாம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

அமலோற்பவம் கையில் போத்தலோடு குளக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். பரோட்டா மாவை அவள் ஊற விடுவாள். அவர்கள் தூங்க விடுகிறார்கள். அவ்வளவுதானா! கொதிக்கக் கொதிக்க வந்த சேற்றுநீரை உடனே காற்றடித்துக் கலக்கியது தவறு. முதலில் சும்மா விட வேண்டும். மண்ணும் நாரும் அடியில் படியும். சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். அதன் பிறகுதான் காற்று.

அன்று சாயங்காலமே தொட்டியை நிரப்பி, மேலே சாக்கு போட்டு மூடி, இருபது நிமிடம் விட்டார்கள். ரூபேந்திரன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அடியில் படிந்ததை வடித்துவிட்டுக் காற்றை மெதுவாகத் திறந்ததும் நுரை பொங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தகடுகளுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் கோடு கோடாக எண்ணெய் ஊறி வர ஆரம்பித்தது.

"அக்கா!" என்றார் ரூபேந்திரன்.

ஒரு குறை மிச்சமிருந்தது. குழாய்த் துளைகளில் சேறு அடைத்து, குமிழி பெரிது பெரிதாக வந்தது. அதற்கு அவள் வழி கண்டது தற்செயலாக. பழம் பிழிந்த சக்கை நார் அடைத்து, தண்ணீரில் மூழ்கிக் கிடந்த ஒரு மூட்டை மேல் குழாய் தவறி விழுந்தபோது, நாருக்குள்ளிருந்து காற்று பொடிப்பொடியாக வெளியேறியதைப் பார்த்தாள். நாரைத் தட்டையாக அழுத்தி, குழாய்க்கு மேல் மெத்தை போலக் கட்டினாள். குமிழி மாவு மாதிரிப் பொடியாக வந்தது. மெத்தை அடைத்துக்கொண்டால் கழற்றிக் கொதிகலனில் எரித்துவிடலாம். புது நாருக்கு ஆலையில் பஞ்சமா?

நான்கு மாதத்தில் குளத்துக்குப் போகும் நீரில் எண்ணெய் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டாம் குளத்தின் ஆடை அங்கங்கே கிழிந்து, நடுவில் தண்ணீர் தெரிந்தது. ஆள்காட்டிக் குருவி ஒன்று வந்து கரையில் நடந்தது. அதுவரை அங்கே பறவை நின்று அவள் பார்த்ததில்லை.

நார் மெத்தைக்குக் காப்புரிமை கேட்கலாம் என்று ரூபேந்திரன்தான் சொன்னார். முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று அவள் மூன்று வாரம் தேடினாள். கிடைக்கவில்லை. கம்பெனி பெயரில் மனு போனது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். அமலோற்பவம், சவரிமுத்துவின் மகள் என்று அச்சில் இருந்ததை ஸ்டானிஸ்லாஸ் பேருந்துச் சாவியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

ஒன்றரை வருடம் கழித்துக் காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் பதில் வந்தது. மனு நிற்காது. பிலிப்பீன்சில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில், பத்து வருடத்துக்கு முன்பே தேங்காய் நாரை வைத்து இதையே செய்து பதிந்திருக்கிறார்கள். செம்பனை நார் என்று சொல்வது மட்டும் புதுமை ஆகாது.

ரூபேந்திரனுக்கு முகம் தொங்கிவிட்டது. "இவ்ளோ தேடியும் நம்ம கண்ணுல படல பாருங்க."

"நான் செம்பனைன்னு தேடுனேன். தேங்காய்னு தேடல" என்றாள். குரலில் வருத்தம் கொஞ்சம் இருந்தது. பெயர் அச்சில் வந்ததை அவளும் ரசித்திருந்தாள். ஆனால் கை ஏற்கெனவே அந்தப் பிலிப்பீன்ஸ் ஆவணத்தைத் திறந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் ஒரு பெண். தொழில் என்ற இடத்தில் ஆலை ஊழியர் என்று இருந்தது. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி இதே மாதிரிக் கழிவுநீரைப் பார்த்து, இதே மாதிரி நாரை எடுத்துக் குழாயில் கட்டியிருக்கிறாள்.

"தடை ஒண்ணும் இல்லையே சார்? நாம செய்யறத செய்யலாம்ல?"

"செய்யலாம். அவங்க நம்ம நாட்டுல எடுக்கல. எடுத்த இடத்துலயும் கட்டணம் கட்டாம விட்டுட்டாங்க."

"அப்ப சரி."

தொட்டி இப்போது மூன்றாகியிருக்கிறது. கூலாய் பக்கத்து ஆலையிலிருந்து வந்து படம் எடுத்துப் போனார்கள். அமலோற்பவம் நார் மெத்தை கட்டும் விதத்தையும், பிலிப்பீன்ஸ்காரியின் ஆவண எண்ணையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தாள். புது இயந்திரம் எதைப் பற்றியாவது யாராவது விற்க வந்தால், ரூபேந்திரன் தாளை நேராக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

போன மாதம் அவள் அந்தப் பிலிப்பீன்ஸ் வரைபடத்தில் ஒன்றைக் கவனித்தாள். அந்தப் பெண் மெத்தையைக் கிடையாக வைக்காமல், கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டியிருந்தாள். ஏன் என்று ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. அமலோற்பவம் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, வாளியில் ஏழு போத்தலோடு ஒரு கட்டுக் கம்பியையும் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள்.